பாலசமுத்திரமும் சென்னை அணியும்

திருப்பதி மலையை நாடிச் செல்லும் தமிழன்பர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அவர்களுள் திருத்தணியில் இறங்கி வடமேற்கே திரும்புவோர் மிகச் சிலரே. திருத்தணியிலிருந்து புறப்படும் பேருந்து, பொதட்டூர்ப்பேட்டையின் தறியோசையைக் கடந்து பள்ளிப்பட்டை அடையும். அங்கே தமிழ்நாடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டம். அம்மாவட்டத்தில் எல்லையை ஒட்டிக் கிடக்கும் பகுதிகளுள் ஒன்று பாலசமுத்திரம்.

நம் சங்கத்து அன்பர் ஒருவருக்கு அது பூர்விக ஊர். "மாம்பழக் காலத்தில் ஒருமுறை வாருங்கள்" என்று அவர் பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். 2025ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், சனிக்கிழமையன்று, அவருடன் நாமும் சென்று சேர்ந்தோம். மாந்தோப்பைக் காணச் சென்ற நாம், அங்கே பெரிதும் கண்டது கிரிக்கெட் ஆட்டத்தையே. ஆகையால் இக்கட்டுரையும் அவ்வூரைப் பற்றியும் அவ்வாட்டத்தைப் பற்றியுமே அமைகிறது.

சமுத்திரம் என்று பெயர் தாங்கிய ஊரில் கடலைத் தேடுவோர் ஏமாறுவர். நம் முன்னோர் பெரிய ஏரிகளைச் சமுத்திரம் என்றே அழைத்தனர். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த மக்களுக்கு ஏரி நிறைந்தால் அதுவே கடல். நாம் சென்றது கோடையாதலால் ஊரை அடுத்த ஏரி வறண்டு, வெடித்த மண்ணாய்க் கிடந்தது. கரையோரத்தில் பனைகள், அவற்றிற்கப்பால் கரும்புத் தோட்டங்கள், மேட்டு நிலங்களிலெல்லாம் மாமரங்கள். கிளிமூக்கு மாங்காய் பறிக்கும் பருவம் இன்னும் வந்திருக்கவில்லை.

அவ்வூரில் ஒரே திண்ணையில் இரண்டு மொழிகள் அமர்ந்திருக்கின்றன. நம் அன்பரின் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கடைப் பலகையைத் தெலுங்கில் படிக்கிறார்கள். வசவும் வேடிக்கையும் இரண்டிலும் கலந்து வருகின்றன. இதில் வியப்பில்லை. 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தோன்றும்வரையில் இப்பகுதி வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பின், படாஸ்கர் வகுத்த தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது.

அன்பரின் பெரிய தகப்பனாருக்கு அப்போது பத்து வயது. அவர் நம்மிடம் சொன்னார்: "அக்காளைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம் ஐயா. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அக்காள் வேறு ராஜ்யம், நான் வேறு ராஜ்யம். அதற்காக அவள் சீர் வாங்க வராமல் இருந்தாளா, நான் கொடுக்காமல் இருந்தேனா?"

மாலை வெயில் தணிந்ததும் பெரியவர் நம்மை ஏரிக்கு அழைத்துச் சென்றார். வறண்ட ஏரியே அவ்வூர்ப் பிள்ளைகளின் ஆட்டக்களம். முளைக்கம்புகள் மூன்றை நட்டு, நாடா சுற்றிய ரப்பர்ப் பந்தைக் கொண்டு ஆடினார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களுள் மெலிந்த ஒருவன், இடக்கை ஆட்டக்காரன், பந்தைக் கரைமேல் நிற்கும் பனைக்கப்பால் மும்முறை அனுப்பியதைக் கண்டோம். "அவன் யார்?" என்று வினவினோம்.

"அக்காள் பேரன். லீவுக்கு வந்திருக்கிறான். இவன் வருகிற வரைக்கும் இந்தப் பசங்க பத்து ஓவருக்கு ஐம்பது ஓட்டம் தாண்டினதே இல்லை. இப்போது எண்பது, தொண்ணூறு என்று போகிறது" என்றார் பெரியவர். அவருடைய குரலில் பெருமை ஒளிந்திருந்தது.

இருட்டியதும் ஊரே வீட்டு முற்றங்களில் கூடிற்று. அன்றிரவு பெங்களூரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் பெங்களூர் அணிக்கும் ஆட்டம். தெருவின் ஒரு வீட்டில் தமிழ் வருணனை, எதிர்வீட்டில் தெலுங்கு வருணனை. இரண்டு வீட்டிலும் ஆதரவு சென்னைக்கே. இதில் நமக்கு வியப்பு மேலிட்டது. ஏனெனில், மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 30ஆம் நாள் சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணியிடம் தோற்றதும், அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பைச் சென்னை முற்றிலும் இழந்துவிட்டது. அவ்வாண்டு போட்டியிலிருந்து முதலில் வெளியேறிய அணி அதுதான். ஐந்து முறை கோப்பை வென்ற அணி, தன் சொந்தக் களத்திலேயே தொடர்ந்து ஐந்து ஆட்டங்களைத் தோற்றிருந்தது.

நோய் எங்கே இருந்தது என்பதை நேயர்கள் பலர் அறிவர். முதல் ஆறு ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே தடுப்புக்கு நிற்கலாம். பிற அணிகள் அவ்வேளையில் அடித்து விளையாடின. சென்னை விக்கெட்டைக் காத்து நின்றது. அந்த ஓட்டக் குறைவைப் பின்னால் வந்தவர்களால் ஈடுசெய்ய இயலவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள் சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவர்களில் 9 விக்கெட்டுக்கு 103 ஓட்டமே எடுத்தது. கொல்கத்தா அதனைப் பதினோராவது ஓவரிலேயே கடந்தது.

மருந்து வந்த வழியோ எவரும் திட்டமிட்டதன்று. அணித்தலைவர் ருதுராஜ் கெயிக்வாட் முழங்கையில் அடிபட்டு விலகினார். அவருக்குப் பதிலாக விரார் நகரத்துப் பதினேழு வயதுப் பிள்ளை ஆயுஷ் மாத்ரே வந்தார். பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் விலகினார். அவ்விடத்துக்குத் தென்னாப்பிரிக்க இளைஞர் டெவால்ட் பிரெவிஸ் வந்தார். சில நாள் கழித்து வன்ஷ் பேடிக்குப் பதிலாகக் குஜராத்தைச் சேர்ந்த உர்வில் பட்டேல் வந்தார். மூவரும் ஏலத்தில் விலை போகாதவர்கள்; பிறருடைய காயத்தால் கதவு திறக்கப்பெற்றவர்கள். ஆந்திர அணியின் குண்டூர்ப் பிள்ளை ஷேக் ரஷீதும் ஏப்ரல் 14ஆம் நாள் லக்னோவில் முதன்முறையாகச் சென்னைக்கு ஆடி, 19 பந்தில் 27 ஓட்டம் எடுத்திருந்தார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையாருக்கு அவரே சென்னை அணி.

பெங்களூர் 213 ஓட்டம் குவித்தது. அதன் ஷெப்பர்டு என்பவர் 14 பந்தில் ஐம்பதைத் தாண்டியபோது, "எல்லாம் முடிந்தது" என்று பாதிப் பேர் எழுந்தனர். பிறகு மாத்ரே ஆடவந்தார். புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் ஐந்து நான்குகளும் ஓர் ஆறும் பறந்தன. எழுந்தவர்கள் அமர்ந்தார்கள். ஒரு பக்கம் பதினேழு வயதுப் பிள்ளை. மறுபக்கம் முப்பத்தாறு வயது ரவீந்திர ஜடேஜா. இருவரும் சேர்ந்து நூறு ஓட்டங்களுக்குமேல் குவித்தனர். மாத்ரே 48 பந்தில் 94 எடுத்து, நூறுக்கு ஆறு குறைவாக வெளியேறினார். அடுத்த பந்திலேயே பிரெவிஸ் காலில் பந்து பட்டு ஆட்டமிழந்தார். மறுபார்வை கேட்கும் நேரம் கடந்துவிட்டதென்று நடுவர் மறுத்தார். முற்றத்தில் எழுந்த கூச்சலை நாம் எழுத இயலாது. கடைசி ஓவரில் 15 ஓட்டம் வேண்டியிருந்தது. 2 ஓட்டத்தில் சென்னை தோற்றது. ஜடேஜா 77 ஓட்டத்துடன் ஆட்டமிழக்காமல் நின்றார்.

தோற்ற வீட்டில் துயரம் இருக்குமென எண்ணினோம். ஆனால் பெரியவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தோற்றால் என்ன ஐயா? கை ஆட ஆரம்பித்துவிட்டது" என்றார். அக்காள் பேரன் மட்டும் இருட்டில் மாத்ரேயைப் போலக் கையை வீசிக்கொண்டிருந்தான்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. மே 7ஆம் நாள் கொல்கத்தாவில் 60 ஓட்டத்துக்கு 5 விக்கெட்டு இழந்திருந்த நிலையில், பிரெவிஸ் 25 பந்தில் 52 அடித்தார். சென்னை 180 என்னும் இலக்கை எட்டி வென்றது. உர்வில் பட்டேல் தம் முதல் ஆட்டமாகிய அதில் 11 பந்தில் 31 எடுத்தார். மே 25ஆம் நாள் ஆமதாபாத்தில், பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத் அணிக்கு எதிராக 230 ஓட்டம் குவித்து, 83 ஓட்டத்தில் வெற்றி கண்டது. 103 எடுக்கத் திணறிய அணி ஆறு வாரத்தில் 230 எடுத்தது. ஆயினும் பதினான்கு ஆட்டத்தில் நான்கே வெற்றி. பத்து அணிகளுள் பத்தாவது இடம். சென்னைக்குக் கடைசி இடம் கிடைத்தது அதுவே முதன்முறை.

ஆட்டம் முடிந்தால் கணக்கு தொடங்குகிறது. ஒவ்வோர் அணியும் அடுத்த ஏலத்துக்கு முன் தான் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் பட்டியலைத் தரவேண்டும். அதிக அளவு இருபத்தைந்து பேர். அவர்களுள் அயல்நாட்டார் எண்மருக்கு மேற்படக் கூடாது. ஆடும் பதினொருவருள் அயல்நாட்டார் நால்வருக்கு மேற்படக் கூடாது. விடுவிக்கப்பட்டவரின் ஊதியம் அணியின் பைக்குத் திரும்பும். ஆகவே ஒருவரை விடுவது வேறொருவரை வாங்குவதற்கான பொருளைச் சேர்ப்பதேயாகும்.

2025 நவம்பர் 15ஆம் நாள் முடிவுகள் வெளியாயின. மாத்ரேயும் பிரெவிஸும் உர்வில் பட்டேலும் தக்கவைக்கப்பட்டனர். கான்வே, ரச்சின் ரவீந்திரா, திரிபாதி ஆகிய மட்டையாளர்களும், 13 கோடி ரூபாய் ஊதியம் பெற்ற இலங்கைப் பந்து வீச்சாளர் பதிரானாவும் விடுவிக்கப்பட்டனர். குண்டூர் ரஷீதும் விடுவிக்கப்பட்டார். எல்லாவற்றினும் பெரிய செய்தி ஜடேஜாவைப் பற்றியது. அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, கேரளத்தின் சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றது. 2012 முதல், அணி தடைபட்டிருந்த இரண்டாண்டு நீங்கலாக, சென்னைக்கு ஆடியவர் ஜடேஜா. 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைக் கொணர்ந்தவர் அவரே. 2008இல் தாம் முதன்முதல் ஆடிய ராஜஸ்தானுக்கே திரும்பினார். டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபி ஏலத்தில், சேர்த்த பொருளைக் கொண்டு, இந்திய அணிக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களைத் தலைக்கு 14 கோடியே 20 இலட்சம் ரூபாய்க்குச் சென்னை வாங்கிற்று.

2026 பொங்கலுக்கு நாம் மீண்டும் பாலசமுத்திரம் சென்றோம். அங்கே அதற்குச் சங்கராந்தி என்றும் பெயர். ஏரியில் இப்போது நீர் இருந்தது, நாரைகள் நின்றன. பிள்ளைகளின் ஆட்டம் அறுவடை முடிந்த வயலுக்குப் பெயர்ந்திருந்தது.

பெரியவருக்கு ஜடேஜா போனதில் மனம் ஆறவில்லை. "பெங்களூரில் அன்றிரவு இரண்டு பேர் நின்றார்கள் ஐயா. சின்னவனை வைத்துக்கொண்டு பெரியவனை அனுப்பிவிட்டார்கள். பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்று தம்பியை வீட்டைவிட்டு அனுப்புவதா?" என்றார்.

அணியின் தலைவனாகிய பிள்ளை அதற்கு உடன்படவில்லை. "தாத்தா, மகேந்திர சிங் தோனிக்கு நாற்பத்து நான்கு வயது. அவருக்குப் பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் யார் நிற்பது? சஞ்சு அந்த வேலையும் செய்வார், முதல் ஆறு ஓவரில் அடிக்கவும் செய்வார். கடைசி இடத்துக்கு வந்த அணி பழைய ஆட்களையே வைத்துக்கொண்டிருந்தால் எப்படி?" என்று மறுமொழி பகர்ந்தான்.

இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டென்று நமக்குப் பட்டது. ஆனால் நம் அன்பர் வேறொரு கேள்வியை எழுப்பினார். "இந்தச் சென்னை அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளை எங்கே?" கேள்வி கூர்மையானது. அசுவின் 2025 ஆகஸ்டில் அப்போட்டியிலிருந்து ஓய்வு பெற்றார். விஜய் சங்கரும் ஆந்த்ரே சித்தார்த்தும் நவம்பரில் விடுவிக்கப்பட்டனர். சென்னைப் பிள்ளை சாய் சுதர்சனோ 2025இல் 759 ஓட்டம் எடுத்து, அப்போட்டியிலேயே அதிக ஓட்டம் குவித்தவரானார். அவற்றையெல்லாம் குஜராத்துக்காகக் குவித்தார். "நம் பிள்ளை அங்கே அடிக்கிறான், விரார்ப் பிள்ளை இங்கே அடிக்கிறான்" என்று அன்பர் அங்கலாய்த்தார்.

ஊர்ப்பெயர் ஒன்று, ஆடுபவர் வேறு என்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. ஆந்திர அணி 1953-54இல் முதன்முறை ரஞ்சிக் கோப்பைக்கு ஆடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் சி. கே. நாயுடு. 1932இல் இங்கிலாந்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணித்தலைவராக விளங்கிய அப்பெருமகனார், தெலுங்கு மரபினரே ஆயினும், பிறந்தது நாகபுரியில். பல்லாண்டு ஆடியது இந்தூரின் ஹோல்கர் அணிக்கு. அதற்கு முன்பெல்லாம் சித்தூர் மாவட்டத்து ஆட்டக்காரனுக்குச் சென்னையே தலைவாசல். இன்று அவனுடைய பாதை ஆந்திரக் கிரிக்கெட் சங்கத்தின் வழியே செல்கிறது. பள்ளிப்பட்டுப் பிள்ளையின் பாதை தமிழ்நாட்டுச் சங்கத்தின் வழியே. ஒரே ஏரியில் ஆடிய இருவர் ஒரே மாநில அணியை நோக்கிச் செல்ல இயலாது.

இதனைப் பெரிய ஏட்டுச் செய்தியாகவே நாமும் கருதியிருப்போம், அன்று மாலை அவ்வயலைக் காணாதிருந்தால். சங்கராந்தியை ஒட்டி அருகே ஒரு பந்தயம் நடந்தது. பரிசுத் தொகையும் உண்டு. விதி ஒன்றே: ஆடுவோர் அம்மாவட்டத்தில் குடியிருப்போராக இருத்தல் வேண்டும், அடையாள அட்டையைக் காட்டவேண்டும். கோடையில் எண்பதும் தொண்ணூறும் எடுக்கச் செய்த அக்காள் பேரனின் அட்டையில் இருந்த முகவரியோ தமிழ்நாட்டைச் சேர்ந்தது.

பிள்ளைகள் மூன்று நாள் வாதிட்டனராம். வேறொருவன் அட்டையைக் காட்டலாம் என்றான் ஒருவன். பந்தயத்துக்கே போகவேண்டாம் என்றான் மற்றொருவன். வருடம் முழுவதும் ஏரியில் ஆடிவிட்டு, ஓட்டம் எடுக்கவில்லையென்று தன்னை ஒதுக்கிய இடத்தில் இவன் வந்து நின்றானே என்று மனத்துள் புழுங்கிய பிள்ளையும் அவர்களுள் இருந்தான். அணித்தலைவன் எவருக்கும் விடை சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் சென்று, அக்காள் பேரனையே கேட்டான்.

"நீங்கள் போய் ஆடுங்கள் அண்ணா. நான் கூட வருகிறேன்" என்றானாம் அவன்.

நாம் சென்ற அன்று அப்பந்தயம். கோடையில் ஒதுக்கப்பட்ட அப்பிள்ளையே முதலில் ஆடவந்தான். பனைக்கப்பால் எதுவும் பறக்கவில்லை. ஆயினும் அவன் ஒன்றும் இரண்டுமாக ஓடி ஓடி முப்பத்தொன்று சேர்த்தான். பாலசமுத்திரத்துப் பிள்ளைகள் பத்து ஓவரில் எழுபத்தாறு எடுத்து, ஆறு ஓட்டத்தில் தோற்றனர். வரப்பின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பந்துக்கும் கணக்கெழுதிக் கொண்டிருந்தவன் அக்காள் பேரன். கணக்கெழுதுபவனிடம் அட்டை கேட்கும் விதி இல்லை. அந்நோட்டில் பிள்ளைகளின் பெயர்கள் தமிழில் இருந்தன. ஓட்டங்களைக் கூட்டும்போது அவன் வாய் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் பெரியவர் அவன் தோளில் கைவைத்து நடந்தார். "மறுநாள் காணும் பொங்கலுக்கு உங்கள் பக்கத்திலே பந்தயம் உண்டாமே. அங்கே எங்கள் பசங்களைச் சேர்ப்பார்களா?" என்று கேட்டார். "அங்கே யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் தாத்தா. ஆனால் பதினொருவருக்கு மேல் ஆட முடியாது. எங்கள் பக்கத்தில் ஏழு பேர் இருக்கிறோம், இங்கிருந்து நான்கு பேரைத்தான் அழைக்க முடியும்" என்றான் அவன். பெரியவர் சிரித்தார். "அப்படியானால் நீயும் பட்டியல் போடு" என்றார்.

யார் அந்த நால்வர் என்று நாம் கேட்டோம். அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு முதலில் சொன்ன பெயர், அன்று தன் இடத்தில் ஆடி முப்பத்தொன்று எடுத்த பிள்ளையின் பெயர்.

ஊரைவிட்டு வந்து பல இடங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் கோடை மாலைகளில் இப்பேச்சு எழுவதுண்டு. எந்த ஊர் அணியை ஆதரிப்பது, அதில் நம்மவர் எத்தனை பேர் என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் நீண்ட விடை ஒன்றும் இல்லை. பள்ளிக் கோடை விடுமுறையில் ஒருமுறை அவர்களைத் திருத்தணியில் இறக்கி, வடமேற்கே பேருந்து ஏற்றி அழைத்துச் செல்லுங்கள். ஏரி வறண்டிருக்கும். ஆட்டத்துக்கு ஓர் ஆள் எப்போதும் குறைவாகவே இருக்கும்.